நடையில் ஒரு ஹால் ஸ்டாண்ட்

ஷெஃபீல்டு, இங்கிலாந்து
நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தைத் தள்ள வேண்டாம், வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

போனில் பேசினால் உங்கள் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பழைய சாமான் கடையில் ஒரு மரச்சாமான் வாங்கியிருக்கிறோம். அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

இதற்கு ஹால் ஸ்டாண்ட் என்று பெயர். வாசற்கதவைத் திறந்ததும் நடையில் சுவரோடு ஒட்டி நிற்கிறது. ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஓக் மரம். நடுவில் கண்ணாடி, அதைச் சுற்றிக் கோட்டும் தொப்பியும் மாட்ட ஆறு பித்தளைக் கொக்கிகள். கீழே உட்காருகிற உயரத்தில் ஒரு பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே கையுறை, மப்ளர் எல்லாம் போட்டுவைக்கலாம். இரண்டு பக்கமும் குடை செருகச் சட்டம், அதற்கு நேர் கீழே வார்ப்பிரும்புத் தட்டு. குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அதில் இறங்கும். தட்டைத் தனியாக எடுத்து, கொட்டிவிட்டு வைக்கலாம். விக்டோரியா ராணி காலத்து வீடுகளில் இது சாதாரணமாக இருந்ததாம். கோல்புரூக்டேல் என்ற ஊரில் முழுக்க வார்ப்பிரும்பிலேயே செய்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்குக் கீழே சின்ன இழுப்பறை ஒன்று உண்டு. அதை வெளியே உருவிப் பார்த்தேன். மூலையில் ஆணியே இல்லை, அப்பா. இரண்டு பலகைகளின் முனையும் விசிறிபோல் விரிந்த பற்களாக அறுத்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கிறது. ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஒல்லி. கையால் அறுத்தது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. நம் பட்டறையில் நீங்கள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து நிற்பது அப்படியே கண்ணில் வந்தது.

நம் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆணி. உங்கள் துண்டு, பை, குடை மூன்றும் அதிலேயே தொங்கும், அது போதும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்க்கப் போகும்போது குடை வெயிலுக்குத்தானே? போனபடியே காய்ந்து வரும், மாட்டிவிடலாம். இங்கே வெளியே போய்விட்டு வந்தால் கோட்டு, தொப்பி, பூட்ஸ், குடை எல்லாமே நனைந்திருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், மறுநாள் காயவைக்க வெயிலும் வராது. போன வருஷம் எனக்கு இது தெரியவில்லை. ஈரக் கோட்டை அப்படியே அலமாரியில் மாட்டிக் கதவைச் சாத்திவிட்டேன். நாலு நாள் கழித்துத் திறந்தால் முக்கல் நாற்றம், காலரில் பூஞ்சணம். பக்கத்தில் இருந்த என் பட்டுப் புடவையிலும் ஏறிவிட்டது. அம்மாவிடம் அதை இதுவரை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற ஊர். குடைக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் திமிங்கலத்தின் வாயில் இருக்கும் கொம்புபோன்ற தகட்டில் கம்பி வைப்பார்களாம், கனமாக இருக்கும். அந்த ஊரில் ஆலை வைத்திருந்த சாமுவேல் ஃபாக்ஸ் என்பவர் 1852இல் எஃகைக் குழிவாக வளைத்து, லேசாகவும் உறுதியாகவும் கம்பி செய்தார். உங்கள் கறுப்புக் குடையை விரித்துக் கம்பியைத் தடவிப் பாருங்கள், வாய்க்கால்போல் குழிந்திருக்கும். அது இங்கிருந்து கிளம்பிய யோசனைதான்.

பேரனுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெட்டிமேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, மழைக்கோட்டைத் தானே மாட்டுகிறான்.

சரி, இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. பெட்டியின் மூடி இடது பக்கம் உரசுகிறது, பாதியில் நின்றுவிடுகிறது. இவர் உடனே இழைத்துவிடலாம் என்கிறார், நான் தடுத்து வைத்திருக்கிறேன். ஐப்பசியில் வீங்கிய கதவை இழைத்தால் தையில் சந்து விழும் என்று நீங்கள் சொல்வீர்களே. இங்கே அடுத்த ஜூன், ஜூலைவரை பொறுக்கலாமா, இல்லை கீலைக் கழற்றிக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாலே போதுமா? மூடி முக்கால் இஞ்ச் பலகை, கீல் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன், யோசித்து வையுங்கள்.

உங்கள் அன்பு மகள்