எடையைப் பார்த்துக் கதவை மூடாதீர்கள்: அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள அந்தக் குடியிருப்பின் சங்க நிர்வாகிகளுக்கும், அதே விதியை வைத்திருக்கும் சென்னையின் மற்ற சங்கங்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு நாய் திருப்பி அனுப்பப்பட்டது. எந்த நாய், எந்தக் குடும்பம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாடகைக்கு இருப்பவர்கள், பட்டது போதும். உங்கள் குடியிருப்பின் பெயரையும் எழுதவில்லை. ஒரே ஒரு சங்கத்தைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. "15 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களுக்கு அனுமதியில்லை" என்ற வரியை, கைவிடப்பட்ட பெரிய நாய்களைக் காப்பகத்தில் வைத்து வீடு தேடும் நாங்கள், வேறு பல இடங்களிலும் பார்த்துவிட்டோம். எண் மட்டும்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்த வரியை விதிகளிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அந்த நாயின் பெயர் சீசர், கிரேட் டேன் இனம். முடிச்சூர் பக்கம் ஒரு காலி மனையின் இரும்புக் கேட்டில் அவனைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விலா எலும்பை எண்ணிவிடலாம், அந்த நிலையில் இருந்தான். உண்ணிக் காய்ச்சல் வேறு. காய்ச்சல் குணமாகி, உடம்பு தேறி, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு முடித்தபோது அவனிடம் மிச்சமிருந்த ஒரே பிரச்சினை முன்னங்கால் முட்டிகள்.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். கிரேட் டேன் நன்றாக இருந்தால் 50 கிலோவுக்கு மேல் எடை வரும். அவ்வளவு உடம்பும் படுக்கும்போது முட்டியில்தான் முதலில் இறங்கும். அந்த இடத்தில் சதை கிடையாது, எலும்பும் தோலும்தான். எங்கள் காப்பகத்தின் தரையோ சிமென்ட். ஒவ்வொரு முறை படுக்கும்போதும் எலும்பு தரையில் இடிக்கும். முதலில் தோல் தடிக்கும், கறுக்கும். பிறகு உள்ளே நீர் கோத்து எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கும். கவனிக்காமல் விட்டால் வெடித்துப் புண்ணாகி, சீழ் பிடிக்கும். சீசருக்கு இரண்டு முட்டியிலும் வீக்கம், இடது முட்டியில் புண். கட்டுப் போட்டால் பிய்த்துவிடுவான். மெத்தை போட்டால் பக்கத்தில் இருக்கும் நாய்கள் இழுத்துக் கிழித்துவிடும். மழைக்காலத்தில் எந்த மெத்தையும் காய்வதில்லை. மருத்துவர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் சொன்னது இதைத்தான்: "இவனுக்கு மருந்து வீடுதான். மெத்தென்ற ஒரு இடத்தில் படுக்க வையுங்கள், தானாக வற்றிவிடும்."

அந்த வீடு உங்கள் குடியிருப்பின் ஐந்தாவது மாடியில் கிடைத்தது. அம்மா, கல்லூரி போகும் மகன், பாட்டி. உடனே தூக்கிக்கொண்டு போனவர்கள் அல்ல அவர்கள். பல வாரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் காப்பகத்துக்கு வந்து அவனோடு பழகினார்கள், சங்கிலி பிடித்து நடக்கப் பழகினார்கள், நாங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கவும் சம்மதித்தார்கள். மாநகராட்சி உரிமத்துக்கு உரிய பணம் கட்டினார்கள். பாட்டி தன் பழைய இலவம்பஞ்சு மெத்தையை இரண்டாக மடித்து, பழைய புடவையால் உறை தைத்து, பால்கனிக் கதவோரம் போட்டுவைத்திருந்தார். அந்த மெத்தையில் படுக்க ஆரம்பித்த பிறகு புண் காய்ந்தது, வீக்கம் பாதிக்கு மேல் வற்றியது. மகன் தினமும் முட்டியைப் படம் எடுத்து அனுப்புவான். அவ்வளவு பெரிய நாய் வீட்டில் இருப்பதே தெரியவில்லை, எந்நேரமும் தூங்குகிறான் என்று அம்மா சொன்னார். கிரேட் டேன் பெரும்பாலும் அப்படித்தான்.

அப்புறம் உங்கள் வாட்ஸ்ஆப் செய்தி வந்தது. ஏழு நாளில் நாயை அப்புறப்படுத்தவேண்டும் என்று. அதுவரை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு போட்டீர்கள். நாள்பட்ட பட்டினியால் பின்னங்கால் பலவீனமான நாய் தினம் இரண்டு வேளை ஐந்து மாடி இறங்கி ஏறியது. அந்த அம்மா செயலாளரைப் பார்க்க வந்தபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேரே வீட்டு உரிமையாளருக்குப் போன் செய்து, "உங்கள் வாடகைக்காரரால் பிரச்சினை" என்றீர்கள். அதற்குமேல் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? மகனுக்குக் கல்லூரியில் கடைசி வருடம், பாட்டிக்குப் பக்கத்திலேயே மருத்துவமனை. வீட்டை மாற்ற முடியாது. நாயைக் கொண்டுவந்து விட்டார்கள். பாட்டி அந்த மெத்தையையும் கொடுத்தனுப்பியிருந்தார். அது இங்கே ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முட்டி திரும்பவும் வீங்கிவிட்டது.

அந்த நாய் யாரையாவது கடித்ததா? துரத்தியதா? குரைத்து யார் தூக்கத்தையாவது கெடுத்ததா? இப்படி ஒரு புகார்கூட இல்லை என்று உங்கள் செயலாளரே எங்களிடம் ஒப்புக்கொண்டார். "விதி விதிதான் சார், 15 கிலோதான்" என்றார். எடை ஒன்றுதான் குற்றம்.

உங்கள் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. 2025இல் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அந்த இரண்டு இனங்களுக்கும் இனிப் புது உரிமம் கிடையாது என்று மாநகராட்சி முடிவெடுத்துவிட்டது. அதைப் பற்றி இங்கே நான் வாதாட வரவில்லை. நான் பேசுவது லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன், நம்ம ராஜபாளையம், அப்புறம் நன்றாக வளர்ந்த நாட்டு நாய் ஆகியவற்றைப் பற்றி. உங்கள் 15 கிலோ இவை எல்லாவற்றையும் ஒரே கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. சங்கிலி இல்லாமல் தாழ்வாரத்தில் ஓடி ஆள் காலைக் கவ்வும் எட்டுக் கிலோ நாய்க்கு அதே விதி வழிவிடுகிறது. நாயின் குணத்தையும், அதை வளர்ப்பவரின் பொறுப்பையும் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பான்மைக் குடியிருப்பாளர்கள் ஒத்துக்கொண்டாலும்கூட வளர்ப்பு நாய்களுக்குச் சங்கம் தடை போட முடியாது என்கிறது. சிறிய நாய் என்றால் சரி, பெரிய நாய் என்றால் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று தனியாகவே எழுதியிருக்கிறது. லிஃப்டை மறுக்கக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது. வளர்ப்புப் பிராணி கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் வைக்கும் விதிகள் செல்லாது என்று 2021இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இதையெல்லாம் அச்செடுத்துக்கொண்டுதான் அந்த அம்மா உங்களைப் பார்க்க வந்தார். நீங்கள் காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. வாடகைக்காரர் நீதிமன்றம் போகமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். உண்மைதான், போகமாட்டார்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் கதவு மூடினால் இந்த நாய்களுக்கு வேறு கதவு கிடையாது. சென்னையில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடி ஆகிக்கொண்டிருக்கின்றன. முன்பு மாம்பலத்திலும் பெரம்பூரிலும் வாசலும் கொல்லையுமாக வீடு வைத்திருந்தவர்கள் இப்போது ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். நாயை நன்றாகப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்கள், மருத்துவச் செலவு தாங்கக்கூடியவர்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். ஷிட்சு என்ற சிறிய இன நாய் ஒன்று மீட்கப்பட்டது என்று படம் போட்டால் அன்று முழுக்கப் போன் ஓயாது. லாப்ரடாருக்கோ ஷெப்பர்டுக்கோ வரும் போன்கள் வேறு மாதிரி. "தோட்டத்துக்குக் காவலுக்கு வேணும், கட்டிப்போட்டா போதும்ல?" ஒருமுறை சங்கிலியில் கைவிடப்பட்டதை இன்னொரு சங்கிலிக்கு நாங்கள் கொடுக்கமாட்டோம். உண்மையாக வளர்க்க நினைக்கும் குடும்பம் போன் செய்யும்போது அவர்களே தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள்: "எங்க அசோசியேஷன்ல பெரிய நாய் விடமாட்டாங்களே, என்ன செய்யறது?" அந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெரிய நாய்க்கு ஆயுளும் குறைவு. கிரேட் டேன் எட்டு, பத்து வயதைத் தாண்டுவதே அபூர்வம். சீசருக்கு இப்போதே ஐந்து இருக்கும் என்கிறார் மருத்துவர். அவன் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கில்தான் கழிகிறது.

கோபம் உங்கள்மேல் மட்டும் இல்லை. 45 நாள் குட்டியை, தாய்ப்பால் மறக்கும் முன்பே, பொம்மை விற்பதுபோல விற்கிறார்களே, அவர்கள்மேலும்தான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது, நாய் வளர்த்து விற்பவர் பதிவு செய்திருக்கவேண்டும் என்று 2017இலேயே மத்திய அரசின் விதிகள் வந்துவிட்டன. செயின்ட் பெர்னார்டு, சைபீரியன் ஹஸ்கி போன்ற, நம் வெயிலுக்கு ஒத்துவராத இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்று தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை வெளியிட்டது. யார் பார்க்கிறார்கள்? வாங்குகிறவர் ஒரு வருடத்தில் அது 35 கிலோ ஆகும் என்று யோசிப்பதில்லை. வளர்ந்ததும், இடமாற்றமோ குழந்தைப்பேறோ வந்ததும், காரில் ஏற்றி ஊர் ஓரத்தில் இறக்கிவிடுகிறார்கள். கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 50 ரூபாய். ஒரு உயிரை நடுத்தெருவில் விட்டவருக்கு 50 ரூபாய். அதை எடுத்து வளர்க்க வந்தவருக்கு ஏழு நாள் கெடு, வீட்டு உரிமையாளரிடம் புகார், காவலாளி முன்னால் அவமானம். கைவிட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. ஏற்றுக்கொண்டவரைத்தான் நீங்கள் தண்டித்திருக்கிறீர்கள். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். எடை விதியை எடுத்துவிடுங்கள். விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. உரிமமும் வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் சங்க அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், கொடுக்கிறோம். பொது இடத்தில் சங்கிலியை ஒரு பெரியவர் பிடித்திருக்கவேண்டும் என்று சொல்லுங்கள், சரிதான். கழிவை வளர்ப்பவரே எடுக்கவேண்டும். எடுக்காதவரை நாங்களே வந்து கண்டிக்கிறோம். லிஃப்டில் நாயைக் கண்டு பயப்படுபவர் இருந்தால் அவர் போகட்டும், நாய் அடுத்த லிஃப்டில் வரும். எங்களிடமிருந்து எடுக்கும் நாய் என்றால் கருத்தடைச் சான்றும், அது காப்பகத்தில் இருந்த காலத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதும் எழுத்தில் தருகிறோம். முதல் மாதம் முழுக்க எங்கள் ஆள் வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். ஒத்துவரவில்லை என்றால் நாங்களே வந்து அழைத்துப்போவோம். இந்த விதிகள் 8 கிலோ நாய்க்கும் 50 கிலோ நாய்க்கும் ஒன்றாக இருக்கட்டும்.

இவ்வளவு எழுதினாலும் ஒரு நாயை நேரில் பார்ப்பதுபோல ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நிர்வாகக் குழுவினர் காப்பகத்துக்கு வாருங்கள். வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துவரலாம். சீசரின் முட்டியைப் பாருங்கள், அவன் எப்படிப்பட்டவன் என்று பாருங்கள். பார்த்த பிறகும் பயமாக இருந்தால் எதனால் என்று சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

உங்கள் பொதுக்குழு அடுத்த மாதம் கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். அதன் நிகழ்ச்சி நிரலில் இந்த எடை விதியை நீக்கும் தீர்மானத்தைச் சேருங்கள். அந்த அம்மாவை அழைத்துப் பேசவிடுங்கள். வாடகைக்காரர் என்பதால் ஓட்டு இல்லாமல் இருக்கலாம், பேச்சாவது இருக்கட்டும். வீட்டு உரிமையாளருக்கு நீங்களே போன் செய்து, சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அவரிடம் ஆட்சேபம் சொன்னவர்கள் நீங்கள்தானே. அந்தக் குடும்பம் இன்றும் சீசரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறது. தீர்மானம் நிறைவேறிய மறுநாளே நாங்கள் அவனை வண்டியில் அழைத்து வருவோம். தயவுசெய்து அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
கைவிடப்பட்ட பெரிய நாய்களுக்கு வீடு தேடும் ஒரு தன்னார்வலர்,
சென்னை