கலியாணப் பேச்சில் இரத்தப் பரிசோதனை அறிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

கலியாணத்துக்கு முன், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தலசீமியாவுக்குப் பரிசோதனை செய்யுங்கள் என்று இளையோருக்குச் சொல்வது நல்ல காரியம். ஆனால் அந்த அறிக்கையைச் சாதகக் குறிப்போடு சேர்த்து, அதுவும் பெண் வீட்டாரிடம் மட்டும் கேட்கும் வழக்கம் திருகோணமலையில் வேரூன்ற விடக்கூடாது. "நல்ல பரம்பரை, கெட்ட பரம்பரை" என்ற பேச்சு எங்கெல்லாம் போய் முடிந்தது என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது.

நல்ல பரம்பரையைப் பெருக்கிக் கெட்ட பரம்பரையை ஒழிக்க முனைந்த இனமேம்பாட்டியல் என்ற துறைக்கு 1883 இல் பெயர் சூட்டியவர் பிரான்சிஸ் கால்டன். 1907 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் கட்டாய மலடாக்கலைச் சட்டமாக்கியது. வேர்ஜினியாவில் கரி பக் என்ற இளம்பெண் "புத்தி குறைந்தவள்" என்று பதியப்பட்டாள். உண்மையில் அவள் வன்புணர்வால் கருவுற்றவள். வளர்ப்புக் குடும்பம் அதை மறைக்கவே அவளைக் காப்பகத்துக்கு அனுப்பியது. அவளை மலடாக்க 1927 இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. "மூன்றாம் தலைமுறை மந்தபுத்தி" என்று முத்திரை குத்தப்பட்ட அவளுடைய மகளோ பள்ளிக்கூடத்தில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பிடித்தாள். ஜேர்மனியில் 1933 ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 400,000 பேரை மலடாக்கியது. 1939 இல் ஊனமுற்றோரைக் கொல்லத் தொடங்கினார்கள். ஜப்பானில் இத்தகைய சட்டம் 1996 வரை இருந்தது.

இது கொடுமை மட்டுமல்ல, கணக்கிலும் பிழை. பின்னிடைவான நோயொன்று, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு (ஜீன்) வந்தால் மட்டுமே தோன்றும் நோயொன்று, 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்று வையுங்கள். அதே 10,000 பேரில் காவிகள், அதாவது பழுதான அலகு ஒன்றை மட்டும் கொண்டவர்கள், ஏறத்தாழ 198 பேர்; அவர்கள் சுகதேகிகள். நோயாளி ஒருவர்கூடப் பிள்ளை பெறாமல் தடுத்தாலும் அந்தப் பரம்பரையலகின் அளவு பாதியாகக் குறைய 100 தலைமுறை, அதாவது சுமார் 2,500 வருடம் செல்லும். பரம்பரைக் கணக்குக்கு உயர்தர மாணவர்கள் வரையும் பனற் சதுரத்துக்குரிய மரபியலாளர் பனற், இந்த வகைக் கணக்கை 1917 இலேயே வெளியிட்டுவிட்டார். அதற்குப் பிறகும் சட்டம் போட்டார்கள்.

தலசீமியாப் பரிசோதனை இதற்கு எதிர்த்திசையில் நிற்க வேண்டியது. முழு இரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. (செங்குருதிக் கலத்தின் சராசரிப் பருமன்) 80 இற்கும் எம்.சி.எச். (அதிலுள்ள ஹீமோகுளோபினின் சராசரி அளவு) 27 இற்கும் கீழே இருந்தால் ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 இன் அளவு பார்க்கப்படும்; 3.5 வீதத்துக்கு மேல் என்றால் பெரும்பாலும் பீட்டா தலசீமியாக் காவி. தவறு நடப்பதும் இங்கேதான். இரும்புச்சத்துக் குறைபாடும் எம்.சி.வி.யைக் குறைக்கும்; போதாததற்கு ஏ2 அளவையும் இறக்கிக் காவியை மறைத்துவிடும். ஆகவே உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அளவைப் பார்த்து, குறைவென்றால் இரும்புச்சத்து மாத்திரை எடுத்தபின் மறுபடி சோதிக்க வேண்டும். ஒற்றைத் தாளை வைத்துச் சம்பந்தத்தை முறிப்பது மடமை.

ஒருவர் மட்டும் காவியென்றால் பிள்ளைக்கு நோயின் கடுமையான வடிவமான தலசீமியா மேஜர் வராது. இருவரும் காவியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 வீத வாய்ப்பு. ஆகவே பெண்ணை மட்டும் சோதிப்பதில் அர்த்தமேயில்லை. சொந்த மச்சான், மச்சாள் முறையில் கட்டுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும்: ஒருவர் காவியென்றால், அதே அலகு மற்றவரிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு.

அறிக்கை சோதித்தவரின் கையில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும். தரகருக்கோ சம்பந்தி வீட்டுக்கோ அல்ல. இருவரும் காவியென்றாலும் கட்டுவதா, பிள்ளை பெறுவதா என்பது அவர்கள் முடிவு. தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கும் நம் நாட்டில், கலியாணப் பேச்சுத் தொடங்குமுன்பே, பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில், தமிழில் ஆலோசனையோடு இந்தப் பரிசோதனை கிடைக்க மாவட்ட சுகாதார அதிகாரிகள் வழிசெய்ய வேண்டும்.

இங்ஙனம்,
உயிரியல் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.