முற்றுப்புள்ளி விட்டுப்போன சம்பளம்

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள கோமதி,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டு அம்மாவுக்கு வருத்தம், எனக்குக் கோபம். அந்தப் பையன்மேல் இல்லை, உன்மேல்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளை எழுதிய கணினி நிரலை நள்ளிரவில் உட்கார்ந்து நீயே திருத்தி எழுதுகிறாய். காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. தான் எழுதியதுதான் ஓடுகிறது என்று அவன் நினைத்துக்கொள்வான். வேறென்ன நினைப்பான்?

நான் மில் கணக்குப் பிரிவில் சேர்ந்தது 1986இல். கோபால் (COBOL) என்ற கணினி மொழியில் சம்பளப் பட்டியல் போடும் வேலை. (கோபால் என்பது என்னோடு வேலை பார்க்கும் ஆள் என்றே ஆச்சி கடைசிவரை நினைத்திருந்தாள்.) அந்த மொழியில் 'இப்படியானால்' என்று ஒரு நிபந்தனையைத் தொடங்கினால், அப்போதெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கும் இடத்தில்தான் அது முடியும். ஓவர்டைம் கணக்கு வரியின் கடைசியில் நான் புள்ளியை விட்டுவிட்டேன். அடுத்த வரியிலிருந்த வைப்பு நிதிப் பிடித்தமும் அந்த நிபந்தனைக்குள் போய்விட்டது. ஓவர்டைம் பார்த்தவருக்குப் பிடித்தம் உண்டு, பார்க்காதவருக்கு இல்லை. ஏழாம் தேதி மில் வாசலில் பாதிப் பேருக்குத் தீபாவளி.

எங்கள் பிரிவின் மூத்தவரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் திட்டவில்லை. அச்சடித்த தாளைத் தரையில் நீளமாக விரித்து, பென்சிலை என் கையில் கொடுத்து, "ஓவர்டைம் பார்க்காத ஒருவருடைய டோக்கன் நம்பரை எடுத்துக்கொள். அவரோடு வரிவரியாக நடந்து போ" என்றார். இருபது நிமிடம் ஆயிற்று. பார்த்தவுடனே அவருக்குப் பிழை தெரிந்திருக்கும். ஆனாலும் வெற்றிலையை மென்றுகொண்டே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குக் கீழே ஆட்கள் வந்த பிறகுதான் புரிந்தது. அதன்பின் நான் புள்ளியை விட்டதில்லை.

உன் பையன் இரண்டாயிரம் வரிகளை மொத்தமாக அனுப்பிவிட்டு 'திருத்தங்கள்' என்று ஒற்றைச் சொல் எழுதுகிறான் என்றாய். அறிவுரை சொல்லாதே. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய, நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட்டில் (Git), பிழை புகுந்த மாற்றத்தைத் தேடும் பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறதே, அவனுடைய பிழை ஒன்றை அதை வைத்து அவனையே தேடச் சொல். ஆயிரம் கமிட்டுகளுக்குள், அதாவது பதிந்த மாற்றங்களுக்குள், ஒளிந்திருந்தாலும் பாதி பாதியாகக் கழித்துப் பத்துச் சோதனையில் இடத்தைக் காட்டிவிடும். அந்த இடத்தில் இரண்டாயிரம் வரி வைக்கோல் போராக நின்றால், சிறிது சிறிதாக அனுப்ப வேண்டும் என்று அவனே சொல்வான்.

இருபது குறை தெரிந்தாலும் அவன் நிரலைப் படித்துக் கருத்து எழுதும் ஒரு ரிவியூவில் இரண்டை மட்டும் எழுது. இடைவெளி, அடைப்புக்குறி சங்கதிகளைப் பார்க்கக் கருவிகள் வந்துவிட்டன; அவற்றுக்காக நீ அவனோடு மல்லுக்கு நிற்காதே. நிரலுக்குள் அவன் வைக்கும் பெயர்களை மட்டும் விடாதே. 'டேட்டா2' என்று வைத்திருந்தால் 'இதற்குள் என்ன இருக்கிறது?' என்று கேள், அவன் சொல்லும் பதிலையே பெயராக வைக்கச் சொல்.

இங்கே கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சாரலும் பிடித்துக்கொண்டது. கல்லிடைக்குறிச்சி அப்பளம் நான்கு கட்டு பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். இரண்டு அந்தப் பையனுக்கு.

இன்றிரவு அவன் நிரலைத் திறக்காதே. பத்து மணிக்கு அம்மா போன் செய்வாள், எடு.

அன்புடன்,
அப்பா