நம் பாடசாலைகளின் பழைய சம்பவத் திரட்டுகளைத் தேடி எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

போர்க்காலத்தில் சாதாரண சனம் தலையைக் குனிந்து உயிரைக் காத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, செய்திருக்கவும் முடியாது என்று உங்கள் ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கசப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். இதை மறுக்காமல் விட என்னால் முடியவில்லை.

நோர்வே என்றதும் நமக்கு அது நடுநின்று செய்துவைத்த 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த ஒப்பந்தமும், அங்கே போய்க் குடியேறிய நம் பிள்ளைகளும்தான் நினைவுக்கு வரும். ஒஸ்லோவில் ஆசிரியையாக இருக்கும் என் பெறாமகள் போன மாரியில் வந்து நின்றபோது, அந்த நாட்டின் இன்னொரு கதையைச் சொன்னாள். அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடி வாசித்தேன்.

1940 ஏப்ரல் 9 இல் ஜெர்மன் படைகள் நோர்வேக்குள் புகுந்தன. 1942 பெப்ரவரி முதலாம் திகதி, நாசிகளுக்குத் துணைபோன விட்குன் குவிஸ்லிங் ஆட்சித் தலைவராக அமர்த்தப்பட்டார். அவர் முதலில் கைவைத்தது பாடசாலைகளில். ஆசிரியர் அனைவரும் ஒரு புதிய சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். அதற்குத் தலைவர் குவிஸ்லிங்கின் கட்சியுடைய சீருடைப் படையை நடத்தியவர். 10 முதல் 18 வயது வரையான பிள்ளைகள் எல்லோரும் கட்சியின் இளைஞர் சேவையில் சேர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்த சட்டங்கள்.

ஆசிரியர்கள் ஊர்வலம் போகவில்லை, வேலைநிறுத்தம் செய்யவில்லை. கடிதம் எழுதினார்கள். இந்த வழியில் பிள்ளைகளைப் படிப்பிக்க என் மனச்சாட்சி இடந்தராது, அந்தச் சங்கத்தில் என்னை உறுப்பினராகக் கருத முடியாது என்ற கருத்தில் சில வரிகள். வாசகம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி, சொந்தப் பெயரும் விலாசமும் இட்டு, கல்வி அமைச்சுக்கு அனுப்பினார்கள். நாட்டில் இருந்த சுமார் 12,000 ஆசிரியர்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை எழுதினார்கள்.

இந்தத் தனித்தனிக் கடிதம் என்பதை நான் நெடுநேரம் யோசித்தேன். ஒரே தாளில் எல்லோரும் ஒப்பமிட்டால் முதற்பெயருக்குரியவரைப் பிடித்து அடைத்துவிட்டு மற்றவர்களை மிரட்டலாம். இங்கே முதற்பெயர் என்று ஒன்று இல்லை. அதேநேரம் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளவும் வழியில்லை. எங்கோ ஒரு மலைக்கிராமத்தில் இரண்டு வகுப்பறைப் பாடசாலையில் படிப்பித்த ஒரு பெண், தன் கையால் முகவரி எழுதி, பனிக்குள் நடந்துபோய் அதைத் தபாலில் சேர்த்திருப்பாள். அவளுக்கு வேறு யார் யார் எழுதினார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்திருக்காது. வீட்டில் குழந்தைகள் இருந்திருக்கும். இதைவிடத் துணிவான செயலை நான் வரலாற்றுப் புத்தகங்களில் அதிகம் படிப்பித்ததில்லை.

அரசு எரிபொருள் தட்டுப்பாடு என்று சொல்லிப் பாடசாலைகளை ஒரு மாதம் பூட்டியது. பெற்றோர் விறகு தருகிறோம் என்றார்கள். சுமார் 2 லட்சம் பெற்றோர் அமைச்சுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. மார்ச் மாதம் சுமார் 1,100 ஆசிரியர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் பனிக்குள் தவழவிட்டு வதைத்தார்கள். ஒரு சிலர் தாங்க முடியாமல் இணங்கினார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன். ஏறத்தாழ 500 பேர் ஒரு கப்பலில் அடைக்கப்பட்டு, நாட்டின் வடக்கு அந்தத்தில் உள்ள கிர்கெனெஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே சோவியத் போர்க்கைதிகளோடு சேர்ந்து மூட்டை இறக்கினார்கள். ஊரில் இருந்தவர்கள் இரகசியமாகப் பணம் சேர்த்து அவர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மே மாதம் குவிஸ்லிங் ஒரு பாடசாலைக்கு நேரில் போய், ஆசிரியர்கள் தன் திட்டத்தையெல்லாம் கெடுத்துவிட்டார்கள் என்று கத்தினார். நவம்பருக்குள் அவர்கள் வீடு திரும்பினார்கள். பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்க்கும் சட்டம் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை.

நம் நிலைமை அவர்களுடையதல்ல என்பதை நான் மறக்கவில்லை. அவர்களுக்கு எதிரே நின்றது ஒரே அதிகாரம். நம் ஊரில் அதிகாரம் பல கை மாறியது. எல்லாக் கையிலும் துவக்கு இருந்தது. 1989 செப்ரெம்பர் 21 இல் யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பும் செய்த கொடுமைகளை எழுதிவைத்ததற்காகவே அவர் உயிர் போனது. அப்படியான ஊரில் யாரும் கடிதம் எழுதிப் பெயர் போடவில்லை என்றால் அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்றும் செய்யவில்லை என்பது பொய். நான் படிப்பித்த ஒரு பாடசாலைக்குத் துவக்கோடு வந்தவர்கள், பத்தாம் பதினோராம் வகுப்புப் பெடியன்களின் இடாப்பைக் கேட்டார்கள். யார் என்று இங்கே எழுதவில்லை. அதிபர் கதிரையைக் காட்டி, "இருங்கோ தம்பி, இடாப்பெல்லாம் கல்விக் கந்தோருக்குப் போட்டுது" என்றார். இடாப்புகள் போகவில்லை. முதல்நாள் பின்னேரமே வகுப்பாசிரியர்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனது அரிசிப் பெட்டிக்குள் கிடந்தது. பிறகு பல கிழமைகள் பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் வரவு பதிந்தோம். அந்தப் பெடியன்களில் ஒருவர் இன்று வைத்தியர், ஒருவர் தச்சு வேலை செய்கிறார். பிழைக்காதவர்களும் உண்டு.

பிள்ளைகளை வீதியோரம் கொடியோடு நிறுத்தச் சொல்லி வேறொரு நாள் கட்டளை வந்தது. அன்றைக்கு அவசரமாகத் தவணைப் பரீட்சை வைத்தார் அதே அதிபர். பாடசாலையில் நடப்பவற்றை அதிபர் பதிந்துவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் கணிதம், விஞ்ஞானம் என்று நேரத்தோடு எழுதிவைத்தார். வெறுமனே வாசிப்பவருக்கு அது ஒரு பரீட்சை நாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமப் பகுதிச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் நெரிபட்டுத் தென்மராட்சிக்குப் போனபோது, அந்தப் புத்தகத்தை ரியூப் துண்டால் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார்.

ஒவ்வொரு பாடசாலையிலும் இப்படி ஏதாவது இருக்கும். அன்றிருந்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கு வயது போய்விட்டது. சம்பவத் திரட்டுகள் பல எரிந்தன, சில கறையான் தின்றன, சில பழைய பேப்பரோடு நிறைக்குப் போகின்றன. அதிபர்மார் தயவுசெய்து 1980 களிலும் 1990 களிலும் எழுதப்பட்ட புத்தகங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம்பிடித்து வைக்க வேண்டும். அந்தக் காலத்து ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் செய்ய வேண்டும். பரீட்சை நாள் ஏன் பரீட்சை நாளானது என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் பத்திரிகை கிழமைக்கு ஒருமுறை அரைப் பத்தி இடம் ஒதுக்கினால், பெயர் சொல்ல விரும்பாதவர்களும் எழுதுவார்கள். இன்றும் சிலருக்குப் பயம் இருக்கிறது. அதை மதித்துப் பெயரில்லாமலே வெளியிடுங்கள்.

எங்கள் அதிபர் காலமாகிவிட்டார். அவர் காப்பாற்றிய புத்தகம் அவருடைய மகளிடம் இருக்கிறது. அதைப் பாடசாலைக்கே திருப்பிக் கொடுக்க மகள் முடிவு செய்திருக்கிறார்; அதற்குமுன் பிரதி எடுக்கச் சம்மதித்துள்ளார். நீங்கள் இடம் தருவதாக அறிவித்தால், அந்தப் பிரதியையும் அதற்கான என் குறிப்புகளையும் உங்கள் அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மானிப்பாய்.