பினாங்கு பஸ் சுற்றுலா: இலவச பஸ்ஸுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும்

அனுப்புநர்:
தங்கள் பினாங்குத் தொகுப்பில் சென்று வந்த பயணி,
திருச்சி.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: இலவச பஸ்ஸுக்குக் கட்டணம் வசூலித்தது, தவறான வழிகாட்டித் தாள் கொடுத்தது – பணம் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். என் கணவர், மகள், மாமியார், நான் என நால்வரும் தங்கள் நிறுவனத்தின் மூலம் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குப் போய் வந்தோம். வேன் கிடையாது, கைடு கிடையாது, தீவின் லோக்கல் பஸ்ஸிலேயே எல்லா இடமும் பார்க்கலாம், அதனால்தான் விலை குறைவு என்று உங்கள் திருச்சி கிளையில் சொன்னார்கள். எங்களுக்கு அதில் ஆட்சேபம் இல்லை; டவுன் பஸ்ஸில் வளர்ந்தவர்கள்தான் நாங்கள். விமானமும் ஹோட்டலும் சொன்னபடி இருந்தன. பஸ்ஸைப் பற்றியும் குறை சொல்ல வரவில்லை. ஏசி பஸ், சுத்தமாக இருந்தது. அதில் ஏறுவதற்கென்று நீங்கள் கொடுத்த வழிகாட்டித் தாளும், அதற்குப் போட்ட பில்லும்தான் என் புகார்.

‘ஜார்ஜ் டவுன் நகர்வல பஸ், ஒருவருக்கு ரூ.950’ என்று பில்லில் தனி வரி போட்டு, நால்வருக்கு ரூ.3,800 வாங்கியிருக்கிறீர்கள். வண்ண அச்சில் வவுச்சரும் கொடுத்தீர்கள். ஜெட்டி முனையத்தில் பஸ் வந்ததும் ஏறி அந்த வவுச்சரை டிரைவரிடம் நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே “ஃப்ரீ, ஃப்ரீ” என்று சொல்லி உள்ளே போகச் சொன்னார். அங்கே ‘கேட் (CAT) பஸ்’ என்று அழைக்கப்படும் அந்த வண்டி, ஜார்ஜ் டவுன் பழைய நகரத்தைச் சுற்றி கொம்தார் கோபுரம் வரை போய் வரும் இலவசச் சேவை. உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் யாருக்கும் டிக்கெட் கிடையாது. இல்லாத டிக்கெட்டுக்கு நீங்கள் எங்கே, யாரிடம் பணம் கட்டினீர்கள்? ரசீது இருந்தால் நகல் அனுப்புங்கள்.

அடுத்தது சில்லறை. பஸ் செலவுக்கு என்று எங்கள் பணத்தை மாற்றி நீங்கள் கொடுத்த உறையில் இருந்தவை அத்தனையும் ஐம்பது ரிங்கிட் நோட்டுகள். ‘கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கவும், இறங்குமிடம் வந்தால் அவரே சொல்வார்’ என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள். அந்த பஸ்களில் கண்டக்டரே இல்லை. முன்வாசலில் ஏறி, போகுமிடத்தை டிரைவரிடம் சொல்லி, அவர் சொல்லும் தொகையைப் பக்கத்திலுள்ள பெட்டியில் போட வேண்டும். மீதி கிடைக்காது. குறைந்தபட்சக் கட்டணம் 1.40 ரிங்கிட், நாங்கள் தங்கியிருந்த பத்து ஃபெரிங்கியிலிருந்து கொம்தாருக்கு 2.70. நால்வருக்கு 10.80. கையில் ஐம்பது ரிங்கிட் நோட்டுடன் என் கணவர் நிற்கிறார், டிரைவர் பெட்டியைக் காட்டுகிறார், பின்னால் ஏற வந்தவர்கள் படிக்கட்டில் காத்திருக்கிறார்கள். மாமியாரைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்ட கையோடு மறுபடி இறக்கினோம். எதிர்க்கடையில் வேண்டாத பிஸ்கட்டை வாங்கிச் சில்லறை மாற்றிக்கொண்டு வருவதற்குள் அந்த பஸ் போய்விட்டது.

லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடைப் பெரியவர்தான் எங்கள் நோட்டுகளை வாங்கிக்கொண்டு கட்டாக ஒரு ரிங்கிட் நோட்டுகளும் நாணயங்களும் கொடுத்தார். “அம்மா, இங்க டிரைவர் மீதிக் காசு தரமாட்டாரு. சில்லறை இல்லாம பஸ் ஏறாதீங்க. பஸ் வந்தா கையக் காட்டுங்க, இல்லேன்னா நிக்காம போயிடும். எறங்கறதுக்கு முன்னாடி மணிய அழுத்துங்க” என்றார். காசு வாங்கிக்கொண்டு தாள் அச்சடித்த உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

பஸ் எண்களிலும் இதே கதைதான். பினாங்கு மலை ரயிலுக்கு 201-ல் போகச் சொல்லியிருக்கிறீர்கள். 201 ஆயர் ஈத்தாம் வழியாக வேறு பக்கம் போகிற வண்டி. மலையடிவார ஸ்டேஷன் வாசல் வரை போவது 204. ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இறங்கி விசாரித்து, வெயிலில் நின்று, மறுபடி காசு போட்டு 204 பிடித்தோம். (அங்கே எல்லாரும் புகழும் அசாம் லக்சா என்ற மீன் நூடுல்ஸை மகள் ரசித்துச் சாப்பிட்டாள். மீன் வாடை தாங்காமல் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அதற்கு உங்களைப் பொறுப்பாக்கவில்லை.) இதில் இன்னொன்று: கெக் லோக் சி கோயிலும் அதே 204 போகும் வழியில்தான் இருக்கிறது. ஒரே நாளில் முடிக்கக்கூடிய இரண்டையும் வெவ்வேறு நாளில் போட்டு, எங்களை இரண்டு முறை அலைய விட்டிருக்கிறீர்கள்.

கடைசி நாள்தான் பெரிய கஷ்டம். ‘ஹோட்டல் வாசலில் 102 பிடித்தால் 45 நிமிடத்தில் விமான நிலையம்’ என்கிறது தாள். 102 விமான நிலையம் போகும் பஸ்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது 101 போல அடிக்கடி வருவதில்லை. பத்து ஃபெரிங்கி தீவின் வடகரை. பாயான் லெப்பாஸ் விமான நிலையம் தென்கிழக்கில். தஞ்சோங் பூங்கா என்ற ஊர் வரையிலான சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஒரு வண்டி நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். அதற்கப்புறம் ஊரின் டிராஃபிக். இந்த வழியில் ஒருமுறை போய்ப் பார்த்த எவரும் 45 நிமிடம் என்று எழுதமாட்டார்கள். பெட்டிகளோடு ஸ்டாப்பில் காத்திருந்து, பஸ் வராமல், விமானம் போய்விடுமோ என்ற பயத்தில் 52 ரிங்கிட் கொடுத்து டாக்ஸியில் போனோம். அங்கிருந்தே உங்கள் கிளைக்கு போன் செய்தபோது கிடைத்த பதில்: “லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்னா அப்படித்தான் மேடம் இருக்கும்.”

ஆகவே, நகர்வல பஸ்ஸுக்கு வாங்கிய ரூ.3,800, டாக்ஸிக்குக் கொடுத்த 52 ரிங்கிட்டுக்கு ஈடான ரூபாய், இரண்டையும் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். அந்தத் தாளைத் திருத்தும் வரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். வயதானவர்களும் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள்.

தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் திருச்சியிலேயே மனு போடலாம். நாங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மனுக் கட்டணமும் இல்லை. சென்னை அலுவலகத்திலிருந்து நீங்கள்தான் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், பயன்படுத்தாத வவுச்சர்கள், வழிகாட்டித் தாளின் நகல், டாக்ஸி ரசீது.