சனிக்கிழமைப் பயிலரங்கு: கணினியைத் தயார் செய்துகொள்ளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். வலைத்தள உருவாக்கப் பயிலரங்கு வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு. போன முறை மென்பொருள் நிறுவுவதிலேயே பாதி காலை போய்விட்டது. எல்லோரும் ஒரே வைஃபையில் தரவிறக்கினால் வேறென்ன நடக்கும்! இம்முறை வியாழன் இரவுக்குள் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

1. குரோம் அல்லது ஃபயர்பாக்ஸைப் புதுப்பியுங்கள்.
2. விஎஸ் கோட் (VS Code, நிரல் எழுதும் செயலி) நிறுவுங்கள். பெயரைப் பார்த்து விஷுவல் ஸ்டுடியோவை இறக்கிவிடாதீர்கள். அது வேறு, பல ஜிபி இடம் பிடிக்கும்.
3. நோட் ஜேஎஸ் (Node.js, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை உலாவிக்கு வெளியே இயக்கும் மென்பொருள்): எல்டிஎஸ் (LTS, நீண்டகாலம் ஆதரவு கிடைக்கும் பதிப்பு) என்று போட்டிருப்பது போதும். நிறுவியதும் டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து, node -v என்று கொடுத்துப் பதிப்பு எண் வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே திறந்திருந்த டெர்மினல், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சாதிக்கும்.
4. விண்டோஸ்காரர்கள் கோப்பு நீட்டிப்புகள் (பெயரின் கடைசியில் வரும் .html, .txt போன்றவை) தெரியும்படி அமைப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நோட்பேடில் சேமிக்கும் எச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் குறிமொழி) கோப்பின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படாது. உலாவியில் பக்கத்துக்குப் பதில் நீங்கள் எழுதிய குறிகள்தான் அப்படியே தெரியும். போன முறை நான்கு பேர் இதில் மாட்டினார்கள், நானும்தான்.
5. பயிற்சிக்குத் தனி ஃபோல்டர், பெயரில் இடைவெளி இல்லாமல். ஒன்டிரைவுக்குள் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) வைக்க வேண்டாம்.
6. அலுவலக லேப்டாப் என்றால் மென்பொருள் நிறுவ அனுமதி இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.
7. சார்ஜர்!

முடித்தவர்கள் இங்கே "ரெடி" என்று போடுங்கள். சிக்கல் வந்தால் பிழைச்செய்தி முழுதும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். "வரலை" என்று மட்டும் எழுதினால் எனக்கு ஒன்றும் புரியாது. வெள்ளி இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்பில் சேர்ந்து சரிசெய்யலாம். அதற்கு யார் யார் வருகிறீர்கள்?