வளர்ந்தவர்களுக்கும் கூரான ஸ்கேட் கொடுங்கள்

ரொறன்ரோ, ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பகுதிகளில் பனித்தளங்களை நடத்துவோருக்கும் ஸ்கேட்டிங் கழக நிர்வாகக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

சனிக்கிழமை காலையில் எந்த அரீனாவுக்குப் போனாலும், பலகைத் தடுப்புக்கு வெளியே கோப்பியும் கையுமாக நிற்கும் பெற்றோரைக் காணலாம். பிள்ளைக்கு லேஸ் கட்டி, பனித்தளக் கதவுவரை கூட்டிவந்து விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறவர்கள். பனியையே இந்த நாட்டில்தான் முதன்முதல் மிதித்த எங்கள் ஆட்களும் அவர்களில் நிறையப் பேர். நாற்பதிலும் ஐம்பதிலும் இவர்களில் சிலருக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் பழகும் ஆசை வருகிறது. வகுப்பில் சேர்கிறார்கள், சில வாரங்களில் நின்றும்விடுகிறார்கள். "வயசு போயிட்டுது" என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். நீங்களும் ஆமோதித்து விடுகிறீர்கள். வயதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் முதல் குற்றவாளி வயதல்ல, உங்கள் வாடகைக் கவுண்டரில் கொடுக்கப்படும் சப்பாத்து.

ஃபிகர் ஸ்கேட் பிளேட்டின் அடிப்பகுதி தட்டையானது அல்ல. ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் அகலமுள்ள அந்த இரும்பின் அடியில், பிளந்த மூங்கிலின் உட்புறம் போல நீளவாக்கில் ஒரு குழிவு ஓடுகிறது. குழிவின் இரு ஓரங்களும்தான் உள்விளிம்பு, வெளிவிளிம்பு. பனியைப் பிடிப்பது அவைதான். பழகுநருக்கு அரை அங்குல ஆரத்தில் தீட்டிய குழிவு பொதுவாகப் போதும். வாடகை ஸ்கேட்டுகளில் இந்த விளிம்பு பெரும்பாலும் மழுங்கிப்போயிருக்கும். நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். கூரான விளிம்பு நகத்தைத் துளி சுரண்டும். சுரண்டாத பிளேட்டை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் உந்தினால் கால் பனியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். பழகுபவர் தன் காலில்தான் பலமில்லை என்று நினைத்து முழங்காலை விறைப்பாக்கிக்கொள்கிறார். விறைத்த முழங்காலோடு பனியில் செய்யக்கூடிய ஒரே காரியம் விழுவது.

நாங்கள் கேட்பது பெரிய செலவு அல்ல. சுமார் 20 மணிநேரப் பாவனைக்கு ஒருமுறை தீட்டுங்கள். தீட்டிய திகதியைக் குதிக்காலில் ஒட்டிவையுங்கள். தீட்டுபவர் ஃபிகர் பிளேட் தெரிந்தவராக இருக்கவேண்டும். ஹொக்கி பிளேட்டைப் பழக்கத்தில் தேய்ப்பவர் கவனமில்லாமல், ஃபிகர் பிளேட்டின் முன்நுனியில் வாள்பல் போல இருக்கும் முன்பற்களின் அடிப்பல்லையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார். பிறகு அந்தப் பிளேட்டின் சமநிலையே மாறிவிடும். இரண்டு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, பிளேட்டைத் தலைகீழாகப் பிடித்து அதன்மேல் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்தால் போதும். நாணயம் சரிந்திருந்தால் அந்த ஸ்கேட் ஒரு பக்கமாகவே இழுக்கும். இன்னொன்று: உடைமாற்றும் அறையிலிருந்து பனிவரை இறப்பர் விரிப்பு இடைவெளியில்லாமல் இருக்கட்டும். வெறும் கொங்கிறீற்றில் ஐந்தாறு அடி நடந்தாலே தீட்டிய கூலி வீண்.

புதிதாகத் தீட்டிய பிளேட்டில் ஒரு சங்கடமும் உண்டு. கால்களை உள்நோக்கிச் சாய்த்துப் பனியைச் சுரண்டி நிற்கும் ஆரம்ப நிறுத்தம், மழுங்கிய பிளேட்டில் இலகுவாகவும் கூரான பிளேட்டில் வெடுக்கென்று பிடிப்பதாகவும் இருக்கும். இதைப் பயிற்றுநர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பழகுபவர் மிரளமாட்டார்.

அடுத்தது அளவு. கவுண்டரில் வீதிச் சப்பாத்தின் எண்ணைக் கேட்டு அதே எண்ணைக் கொடுக்கிறீர்கள். ஃபிகர் ஸ்கேட் பெரும்பாலும் அதைவிட ஒன்று, ஒன்றரை எண் சிறிதாகத்தான் பொருந்தும். போதாததற்கு எங்கள் ஆட்கள் குளிருக்குப் பயந்து இரண்டு கம்பளிச் சொக்ஸ் போட்டுக்கொண்டு இன்னும் பெரிதாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மெல்லிய சொக்ஸ் ஒன்று போதும். குதிக்காலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து முழங்காலை மடித்தால் குதிக்கால் எழும்பக்கூடாது. நேரே நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை மட்டுமட்டாகத் தொடவேண்டும். லேஸை விரல் பகுதியில் தளர்த்தியாகவும், புறங்காலிலிருந்து கணுக்கால் மடிப்புவரை இறுக்கமாகவும், மேல் கொக்கிகளில் மீண்டும் சற்றுத் தளர்த்தியும் கட்டவேண்டும். மேலேயும் இறுக்கிவிட்டால் முழங்கால் முன்னால் மடியாது. கவுண்டரில் இதை ஒரு படமாக ஒட்டிவைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கணுக்கால் பகுதி துவண்டுபோன பழைய ஸ்கேட்டுகளை வளர்ந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. 25 கிலோ பிள்ளையைத் தாங்கும் சப்பாத்து 80 கிலோ உடம்பின் கீழ் உட்பக்கமாக மடியும். எடை முழுவதும் உள்விளிம்பில் விழ, ஒற்றைக்காலில் சறுக்குவது நடக்காத காரியமாகிவிடும். அதைப் பார்த்துப் பயிற்றுநர் "கணுக்காலைப் பலப்படுத்துங்கள்" என்பார்!

வகுப்புக்கு வருவோம். பிள்ளைகளின் வகுப்பை அப்படியே பெரியவர்களுக்கு நடத்துகிறீர்கள். பிள்ளை விழும் உயரம் குறைவு, பயமும் குறைவு. வளர்ந்தவர் விழும்போது தன்னிச்சையாகக் கையைப் பின்னால் நீட்டி ஊன்றுவார். முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். புதிதாகப் பழகும் பெரியவர்களுக்கு மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிவது அடிக்கடி நடப்பது இதனால்தான். ஆகவே முதல் நாள் முதல் பத்து நிமிடம் பனிக்கு வெளியே, இறப்பர் விரிப்பில், விழப் பழக்குங்கள். முழங்காலை மடித்துத் தாழ்ந்து, ஒரு பக்கப் புட்டத்தில் சரியவேண்டும். நாடி நெஞ்சோடு இருக்கவேண்டும், கை முன்னால் முட்டியாக மடிந்திருக்கவேண்டும். விரித்த விரல் மற்றவரின் பிளேட்டுக்கு இரை. எழும்புவதற்கு, நாலு காலில் நின்று, ஒரு பாதத்தை இரு கைகளுக்கும் நடுவே வைத்து, இரு கைகளையும் அந்த முழங்காலில் ஊன்றி எழவேண்டும். மணிக்கட்டுக் காப்பும் ஹொக்கி ஹெல்மெட்டும் பெரியவர்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கட்டும். எலும்புத் தேய்வு உள்ளவர்களும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரும்படி பதிவுப் படிவத்திலேயே ஒரு வரி சேருங்கள்.

அதன்பின் நடை, இரண்டு காலில் சறுக்கல், கால்களை விரித்துச் சேர்த்துப் போவது, நிறுத்தம், ஒற்றைக்கால் என்று வழக்கமான வரிசைதான். அதில் நாங்கள் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. இந்நாட்டு ஸ்கேட்டிங் சங்கமான ஸ்கேட் கனடாவின் கான்ஸ்கேட் என்ற ஆரம்பப் பயிற்சித் திட்டம் அதை ஆறு நிலைகளாக நன்றாகவே வகுத்திருக்கிறது. வளர்ந்தவர்கள் சிக்கி நிற்பது பெரும்பாலும் முதல் திருப்பத்தில், 'த்ரீ டேர்ன்' என்கிறோமே, அதில். முன்னோக்கி வெளிவிளிம்பில் வளைந்து சென்று, அதே காலில் திரும்பி, பின்னோக்கி உள்விளிம்பில் வெளியேறவேண்டும். பலர் இடுப்பை வெட்டித் திருப்பப் பார்க்கிறார்கள். திரும்புவதற்கு முன்பே தோள் வட்டத்தின் உட்பக்கமாகத் திரும்பியிருக்கவேண்டும். மடிந்த முழங்கால் மெல்ல எழும் அந்த நொடியில் எடை பிளேட்டின் நடுவிலிருந்து பெருவிரல் மேட்டின் கீழ்ப் பகுதிக்கு நகரவேண்டும். திரும்பியதும் தோளை எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்தாவிட்டால் உடம்பு சுழன்றுகொண்டே போகும். எடை அளவுக்கு மிஞ்சி முன்னே போனால் முன்பல் பனியைக் கீறும்.

இதில் எது பிழைத்தது என்பதைப் பயிற்றுநர் பிளேட் பனியில் கீறிவிட்டுப்போன கோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். சரியான திருப்பம் இலக்கம் 3 போல, கூரிய முனை வட்டத்தின் உள்ளே பார்க்க விழும். வெட்டித் திருப்பியிருந்தால் முனைக்குப் பதில் அகலமாகத் தேய்ந்த தழும்பு. ஹொக்கி முடிந்த கையோடு, கொத்திக் கிளறிய பனியில் எங்களை இறக்கிவிட்டால் எந்தக் கோட்டைப் பார்ப்பது? பெரியவர்களின் வகுப்புக்கு முன் ஒருமுறை பனியை மட்டமாக்கும் ஸம்போனி வண்டியை ஓட்டுங்கள். இது ஆடம்பரத்துக்குக் கேட்பதல்ல. முடிந்தால் பனியின் வெப்பநிலையையும் கவனியுங்கள். ஹொக்கிக்குக் கடினமான, கூடுதல் குளிரான பனி விருப்பம். விளிம்புப் பயிற்சிக்கு மறை 3, 4 பாகை செல்சியஸில் சற்று மென்மையான பனி நல்லது. ஒரே தளத்தில் மணிக்கு மணி மாற்ற முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஹொக்கிக் குழுக்கள் குறைந்த நாளில் எங்கள் வகுப்பை வைக்கலாமே.

பொதுச் சறுக்கல் நேரங்களில் எல்லோரும் இடஞ்சுழியாகவே சுற்றுகிறார்கள். விளைவு, இடப்பக்க வளைவில் காலை மாற்றிப் போடத் தெரிந்தவர், வலப்பக்கம் திரும்பச் சொன்னால் தடுமாறுவார். நேரத்தின் பாதியில் திசையை மாற்றி அறிவியுங்கள். நடு வட்டத்தைக் கூம்பு வைத்துப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். 30 அடி விட்டமுள்ள அந்த ஹொக்கி வட்டம் விளிம்புப் பயிற்சிக்கு அளந்து போட்டது போலிருக்கிறது; புதிதாக எதையும் வரையவேண்டாம். அங்கே பாய்ச்சலைத் தடைசெய்யுங்கள், நியாயம். ஆனால் மெதுவான திருப்பத்தையும் இரண்டுகால் சுழற்சியையும் விசில் ஊதி நிறுத்துவது வேண்டாம்.

வகுப்பு நேரம் அரை மணி என்பது போதாது. லேஸ் கட்டி, உடம்பு சூடாகி, பயம் தெளியவே அதில் பாதி போய்விடும். 45 நிமிட வகுப்பும், அதன் பின் தனியாகப் பழக 15 நிமிடமும் வேண்டும். அதுவும் வார நாள் நண்பகலில் அல்ல. வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலையில்.

இந்த வயதில் பழகி எங்கே போகப்போகிறார்கள் என்று கேட்கும் நிர்வாகிகளுக்கு ஒரு தகவல்: ஜெர்மனியின் ஓபர்ஸ்டோர்ஃபில் 28 வயது நிரம்பியவர்களுக்கெனப் பன்னாட்டு ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் போட்டி 2005 முதல் நடந்துவருகிறது. வயதுவாரியாகவும் தரவாரியாகவும் பிரிவுகள் உண்டு. அடிமட்டமான வெண்கலப் பிரிவில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றும் அக்ஸல் பாய்ச்சல் கிடையாது. எல்லோரும் அங்கே போகவேண்டும் என்பதில்லை; பெரும்பாலானோருக்கு அரைச் சுற்று வால்ட்ஸ் பாய்ச்சலே பெரிய சந்தோஷம். போக நினைப்பவருக்கு உங்கள் கழகத்தில் அடுத்த படி இருக்கவேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. இப்போது பெரியவர்கள் அடிப்படை வகுப்பை முடித்ததும், மறுபடி அதே வகுப்புக்குத்தான் பணம் கட்டவேண்டியிருக்கிறது.

இலையுதிர்கால அட்டவணையை வெளியிடுவதற்கு முன் பதில் தாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் செய்ய இயலாவிட்டால் வாடகை ஸ்கேட்டிலிருந்து தொடங்குங்கள். எந்தச் சோடியைத் தீட்டலாம், எதைக் கழித்துவிடவேண்டும் என்று பிரித்துத் தர எங்களில் சிலர் ஒரு மாலை வந்து நிற்கத் தயார். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
வளர்ந்தபின் ஸ்கேட்டிங் பழகியவர்களும் அவர்களுக்குப் பழக்குபவர்களும்